மலை மிதிவண்டியின் டிஸ்க் பிரேக் கட்டை

டிஸ்க் பிரேக் கட்டை என்பது மிதிவண்டிச் சக்கரத்தின் குடத்தோடு பிணைக்கப்பட்ட எஃகு வட்டை இருபுறமும் அழுத்தி, அதனால் எழும் உராய்வைக் கொண்டு வண்டியின் வேகத்தைக் குறைக்கும் தேய்பொருள் ஆகும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் இணைக் கட்டைகள் உண்டு. பட்டறைகளில் இது டிஸ்க் பேட் என்றும், சுருக்கமாகப் பேட் என்றும் வழங்கப்படுகிறது. பிரேக் கட்டை என்னும் பெயர் சக்கர விளிம்பை அழுத்தும் இரப்பர்த் துண்டுகளுக்கும் உரியது. எனினும் இக்கட்டுரையில் அது டிஸ்க் பிரேக்கின் கட்டையை மட்டுமே குறிக்கும்.

மலை மிதிவண்டியின் உறுப்புகளுள் விலை குறைந்தவற்றுள் இதுவும் ஒன்று. ஆயினும் செங்குத்தான இறக்கத்தில் ஓட்டுநரின் உயிர் இதனையே பெரிதும் நம்பியுள்ளது. கட்டை வாங்குவோர் பலரும் எது வலிமையானது என்றே வினவுகின்றனர். இவ்வினா மட்டும் போதுமானதன்று. உராய்வினால் உண்டாகும் வெப்பம் எங்கே செல்கிறது, வண்டியிலுள்ள வட்டு எவ்வகைக் கட்டையைத் தாங்கும், ஓடும் தடம் உலர்ந்ததா சேறு மிக்கதா என்னும் மூன்றுமே தெரிவைத் தீர்மானிப்பவை.

வெப்பமும் தடுப்பும்

பிரேக் என்பது இயக்க ஆற்றலை வெப்ப ஆற்றலாக மாற்றும் கருவியாகும். மலை மிதிவண்டி விளையாட்டின் தொடக்க வரலாறே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மரின் கவுண்டியிலுள்ள ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே, 1976ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று, ஒரு மண் பாதையில் இறக்கப் போட்டி ஒன்று நடைபெற்றது. ஏறத்தாழ 3 கி.மீ. நீளத்தில் ஏறத்தாழ 400 மீட்டர் கீழே இறங்கும் பாதை அது. கலந்துகொண்டோர் ஓட்டிய பழைய தடித்த டயர் வண்டிகளில் பின்சக்கரக் குடத்தினுள் அமைந்த கோஸ்டர் பிரேக்கே இருந்தது. மிதிகட்டையைப் பின்னோக்கி அழுத்தினால் பிடிக்கும் பிரேக் இது. ஒருமுறை கீழே இறங்குவதற்குள் குடம் சூடேறி, உள்ளிருந்த மசகு ஆவியாகிப் புகைந்து வெளியேறிவிடும். பின்னர் குடத்தைப் பிரித்து மீண்டும் மசகு திணிக்க வேண்டும். அவ்வாறு மீண்டும் திணித்தலைக் குறிக்கும் ரீபேக் என்னும் ஆங்கிலச் சொல்லே அப்போட்டிக்கும் பாதைக்கும் பெயராயிற்று. ஒரு விளையாட்டுப் போட்டி தன் பெயரைப் பிரேக்கின் குறைபாட்டிலிருந்து பெற்றது அரிதான செய்தியே.

அப்பாதையைக் கொண்டே ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்து 90 கி.கி. எனக் கொள்வோம். 400 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் நிலையாற்றல் 90 × 9.8 × 400, அதாவது ஏறத்தாழ 353 கிலோஜூல் ஆகும். ரீபேக் போட்டியின் மிகக் குறைந்த நேரமாகிய 4 நிமிடம் 22 நொடியில் (இது கேரி ஃபிஷர் நிகழ்த்தியது) இறங்கினால், சராசரியாக நொடிக்கு 1300 ஜூலுக்கு மேல் ஆற்றல் எங்கேனும் செலவாக வேண்டும். இது சில இஸ்திரிப் பெட்டிகளின் திறனைவிட அதிகம். இதில் ஒரு பகுதியைக் காற்றின் எதிர்ப்பும் டயரின் உருளுராய்வும் எடுத்துக்கொள்ளும். பாதியளவே பிரேக்குகளுக்கு வந்து சேர்வதாகக் கொண்டாலும், இன்றைய வண்டியின் 180 மி.மீ. வட்டுகள் இரண்டின் நிறை ஏறத்தாழ 300 கிராம் மட்டுமே. வெப்பம் வெளியேறவே வழியில்லையெனில் அவ்வெஃகின் வெப்பநிலை 1100 பாகை செல்சியசுக்கும் மேல் உயர்ந்துவிடும். நடைமுறையில் அவ்வாறு நிகழ்வதில்லை. வட்டு காற்றில் சுழன்று தொடர்ந்து குளிர்கிறது. ஒரு பகுதி வெப்பம் கட்டை வழியாகக் காலிப்பருக்கும் செல்கிறது. எவ்வளவு வெப்பம் எவ்வழியே செல்லும் என்பதைக் கட்டையின் பொருள் பெரிதும் தீர்மானிக்கிறது.

வரலாறு

டிஸ்க் பிரேக்குக்கான காப்புரிமையை இங்கிலாந்தின் பொறியாளர் பிரெடரிக் லான்செஸ்டர் 1902இல் பெற்றார். அவர் பயன்படுத்திய கட்டைகள் செம்பினாலானவை. அவை உலோக வட்டில் உரசும்போது தாங்கவொண்ணாத கிறீச்சொலி எழுந்தது. பெரோடோ நிறுவனத்தை 1897இல் தொடங்கிய எர்பர்ட் புரூட் என்பவர், அடுத்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கல்நார் கலந்த உராய்வுப் பொருளை உருவாக்கியபின் இக்குறை பெருமளவு நீங்கியது. கல்நார்த் தூசு நுரையீரலுக்குக் கேடு விளைப்பது என்பது பின்னரே உறுதிப்பட்டு, பல நாடுகளில் அதன் பயன்பாடு தடை செய்யப்பட்டது. மகிழுந்துப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக்கின் மேன்மையை 1953இல் லெ மான் பந்தயத்தை வென்ற ஜாகுவார் வண்டி உலகறியச் செய்தது.

மலை மிதிவண்டிக்கு இது தாமதமாகவே வந்தது. 1990களில் இங்கிலாந்தின் ஹோப், செருமனியின் மகுரா, அமெரிக்காவின் ஹேய்ஸ் முதலிய நிறுவனங்கள் டிஸ்க் பிரேக்குகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. 2000களில் விளிம்புப் பிரேக்குகள் மலை மிதிவண்டிகளிலிருந்து படிப்படியாக மறைந்தன. உராய்வு நிகழும் இடம் சேற்றில் தோயும் சக்கர விளிம்பிலிருந்து குடத்தருகே இடம் மாறியதே இம்மாற்றத்தின் பெரும் பயன். விளிம்பு வளைந்தாலும் பிரேக் பிடிக்கும் என்பது மற்றொரு பயன்.

கட்டையின் அமைப்பு

ஒவ்வொரு கட்டையும் இரண்டு பகுதிகளைக் கொண்டது. வட்டைத் தொடும் உராய்வுப் பொருள் ஒன்று. அதனைத் தாங்கும் பின்தகடு மற்றொன்று. புதிய கட்டையில் உராய்வுப் பொருளின் தடிப்பு பெரும்பாலும் 2 மி.மீ. அளவில்தான் இருக்கும். பின்தகடு எஃகு, அலுமினியம், டைட்டானியம் ஆகியவற்றுள் ஒன்றால் ஆனது. எஃகுத் தகடு மலிவானது, உறுதியானது. அலுமினியம் எடை குறைந்தது. வெப்பத்தை விரைவாகக் கடத்திக் காற்றுக்கு விடுவது. டைட்டானியம் எடை குறைந்ததாயினும் வெப்பத்தை எளிதிற் கடத்தாது, விலையும் மிகுதி.

சில கட்டைகளின் பின்தகடு காலிப்பருக்கு வெளியே நீண்டு, அலுமினியச் சிறகுகளாக முடிகிறது. இச்சிறகுகள் காற்றுப்படும் பரப்பை அதிகரித்துக் கட்டையைக் குளிர்விக்கின்றன. ஷிமானோ நிறுவனத்தின் ஜே03ஏ, ஜே04சி என்னும் கட்டைகள் இவ்வகையின. முன்னது பிசின் கட்டை, பின்னது உலோகக் கட்டை. இரண்டின் வடிவமும் ஒன்றே. குறியீட்டில் ஓர் இலக்கமும் ஓர் எழுத்தும் மாறியதால் கட்டையின் தன்மையே மாறிவிடுவதை இங்குக் காணலாம். ஆதலின் வாங்கும்போது குறியீட்டை முழுமையாகப் படித்தல் வேண்டும்.

உராய்வுப் பொருளின் வகைகள்

பிசின் கட்டை

கரிமக் கட்டை, ரெசின் பேட், ஆர்கானிக் பேட் என்பனவும் இதனையே குறிக்கும். அராமிடு போன்ற இழைகள், நிரப்புப் பொருள்கள், உராய்வைச் சீர்செய்யும் தூள்கள் ஆகியவற்றை வெப்பத்தில் இறுகும் பிசினோடு கலந்து அழுத்தி இது செய்யப்படுகிறது. கரிமம் என்னும் பெயரைக் கண்டு இதில் உலோகமே இல்லை எனக் கருதலாகாது. சிறிதளவு உலோகத்தூள் பலவற்றில் உண்டு.

இதன் சிறப்பு, பிரேக் லீவரைத் தொட்டவுடன் பிடித்தலும் ஓசையின்மையும் ஆகும். குளிர்ந்த நிலையிலேயே நன்கு பிடிக்கும். வட்டைக் குறைவாகவே தேய்க்கும். பிசின் வெப்பத்தை எளிதிற் கடத்தாததால், காலிப்பரின் பிஸ்டனுக்கும் நீர்மத்துக்கும் செல்லும் வெப்பம் குறைவு. இதன் குறை, மிகுந்த வெப்பத்தில் பிசின் சிதைந்து பிடிமானம் குன்றுதலும் ஈரத்தில் விரைவாகத் தேய்தலும் ஆகும். மணல் கலந்த சேற்றில் நாள் முழுவதும் ஓட்டினால், புதிய பிசின் கட்டை ஒரே நாளில் பின்தகடு வரை தேய்ந்துபோவதும் உண்டு.

உலோகக் கட்டை

செம்பு, வெண்கலம், இரும்பு முதலிய உலோகத்தூள்களைக் காரீயத்தோடு (பென்சிலில் பயன்படும் கிராஃபைட்டு) கலந்து, அழுத்தி, உருகுநிலைக்குக் கீழான வெப்பத்தில் சுட்டு ஒன்றாக்குவர். இம்முறைக்குச் சிந்தரிங் என்று பெயர். அதனால் இதனைச் சிந்தர்டு பேட் என்றும் மெட்டல் பேட் என்றும் அழைப்பர். இதில் சிதைவதற்குப் பிசின் இல்லை. ஆகவே நீண்ட இறக்கத்தில் பிடிமானம் எளிதிற் குன்றாது. சேற்றிலும் மழையிலும் பிசின் கட்டையைவிடப் பல மடங்கு நீடித்து உழைக்கும்.

இதன் குறைகளும் உலோகத்தின் இயல்பிலிருந்தே பிறப்பவை. குளிர்ந்த நிலையில் முதற்பிடி சற்று மந்தமாக இருக்கும். சூடேறியபின்னரே முழு வலிமையும் வெளிப்படும். ஈரத்தில் உரத்த ஓசை எழுப்பும். வட்டை விரைவாகத் தேய்க்கும். மேலும், உலோகம் வெப்பத்தை நன்கு கடத்துவதால் கட்டை தாங்கிக்கொண்ட வெப்பத்தைப் பின்னால் இருக்கும் பிஸ்டனுக்கும் நீர்மத்துக்கும் அனுப்பிவிடுகிறது. உலோகக் கட்டை இட்டால் எவ்வெப்பத்துக்கும் அஞ்ச வேண்டியதில்லை என்னும் பரவலான எண்ணம் இக்காரணத்தால் முழு உண்மையன்று. கட்டை பிழைத்தாலும் நீர்மம் கொதிக்கக்கூடும்.

இடைப்பட்ட வகைகள்

அரை உலோகக் கட்டை என்பது பிசின் கட்டையில் உலோகத்தூளின் பங்கை உயர்த்திச் செய்யப்படுவது. அதன் இயல்புகள் இரண்டுக்கும் நடுவே அமையும். பீங்கான் கட்டை என்னும் பெயரில் விற்கப்படுவனவற்றுள் பெரும்பாலானவை, பீங்கான் துகள் அல்லது இழை சேர்ந்த கலவைகளே. நிறுவனத்துக்கு நிறுவனம் கலவை மாறுவதால் இப்பெயரை மட்டும் கொண்டு எதனையும் முடிவு செய்ய இயலாது. கட்டையின் நிறமும் அவ்வாறே; சிவப்பு, பச்சை என நிறங்களால் வகை பிரிப்பது அந்தந்த நிறுவனத்தின் வழக்கமேயன்றிப் பொது விதியன்று.

வட்டோடு பொருத்தம்

தெரிவின் முதற்படி கட்டையன்று, வட்டே ஆகும். விலை குறைந்த வண்டிகளில் வரும் வட்டுகள் பல மென்மையான எஃகினாலானவை. அவற்றின் மீது ரெசின் பேட் ஒன்லி என்னும் ஆங்கில வாசகம் பொறிக்கப்பட்டிருக்கும். பிசின் கட்டை மட்டுமே இடத்தக்கது என்பது அதன் பொருள். ஷிமானோவின் தொடக்கநிலை வட்டுகளில் இவ்வாசகத்தைக் காணலாம். இத்தகைய வட்டில் உலோகக் கட்டையை இட்டால் வட்டு மிக விரைவாகத் தேய்ந்து மெலியும். மெலிந்த வட்டு வெப்பத்தைக் குறைவாகவே தாங்கும், எளிதில் வளையும், முற்றிலும் மெலிந்தால் முறியவும் கூடும்.

புதிதாக மலையேறத் தொடங்குவோர் தங்கள் வண்டியின் பிரேக் போதவில்லை எனக் கருதி, வலிமை வேண்டி உலோகக் கட்டை வாங்குவது வழக்கம். அவர்கள் வண்டியில் இருப்பதோ பெரும்பாலும் பிசின் கட்டைக்கு மட்டுமே உரிய வட்டு. அவர்கள் முதலில் செய்யத்தக்கது, இருவகைக் கட்டைகளையும் தாங்கும் வட்டுக்கு மாறுவதே. இயலுமாயின் பெரிய வட்டாகவே மாற்றுவது நன்று. தடுக்கும் முறுக்குவிசை வட்டின் ஆரத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், 160 மி.மீ. வட்டுக்குப் பதிலாக 180 மி.மீ. வட்டு இட்டால் அதே கைவிசைக்கு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கூடுதல் தடுப்பு கிடைக்கும். 203 மி.மீ. எனில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். நிறையும் பரப்பும் கூடுவதால் வெப்பமும் கட்டுப்படும். கட்டையை மாற்றி அடையும் பயன் இவ்வளவு உறுதியாகச் சொல்லத்தக்கதன்று. சட்டகமும் முன்கவையும் எவ்வளவு பெரிய வட்டை ஏற்கும் என்பதை மட்டும் முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வட்டுக்கும் தேய்மான வரம்பு உண்டு. ஷிமானோவின் மலை மிதிவண்டி வட்டு புதிதில் 1.8 மி.மீ. தடிப்புடையது; 1.5 மி.மீ. ஆகும்போது மாற்றப்பட வேண்டும். அவ்வளவே மெலிய இடமுண்டு என்பதை நோக்க, வட்டும் கட்டையைப் போன்று ஒரு தேய்பொருளே என்பது விளங்கும்.

காலிப்பரோடு பொருத்தம்

கட்டைகளின் வடிவத்துக்குப் பொதுத் தரநிலை ஏதும் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும், சிலவேளை ஒரே நிறுவனத்தின் ஒவ்வொரு மாதிரியும், தனக்கென ஒரு வடிவத்தைக் கொண்டுள்ளது. இரண்டு பிஸ்டன் காலிப்பரின் கட்டை நான்கு பிஸ்டன் காலிப்பரில் பொருந்தாது. அவிட் நிறுவனத்தின் பிபி7 என்னும் கம்பி பிரேக்கும் ஜூசி என்னும் நீர்ம அழுத்த பிரேக்கும் ஒரே வடிவக் கட்டையை ஏற்கின்றன. ஆனால் அதே நிறுவனத்தின் பிபி5க்கு அது பொருந்தாது. பழைய கட்டையைக் கழற்றிக் கடைக்கு எடுத்துச் சென்று ஒப்பிடுவதே இன்றும் பிழையற்ற வழி. பிரேக்கின் மாதிரி எண் பெரும்பாலும் காலிப்பரிலோ லீவரிலோ பொறிக்கப்பட்டிருக்கும்.

கம்பியால் இயங்கும் டிஸ்க் பிரேக்குகளில் நீர்மம் இல்லாமையால் அது கொதிக்கும் அச்சமும் இல்லை. ஆயினும் அவற்றுள் பலவற்றில் ஒரு பக்கக் கட்டை மட்டுமே நகரும். மறுபக்கக் கட்டை நிலையானது. கட்டை தேயத் தேய இடைவெளியைக் கையால் திருகிச் சரிசெய்ய வேண்டும். நீர்ம அழுத்த பிரேக்கில் பிஸ்டன் தானாகவே முன்னேறி இவ்விடைவெளியை ஈடுசெய்கிறது. இது வசதியானதே, எனினும் லீவரின் உணர்வில் மாற்றம் தெரியாததால், கட்டை தேய்ந்திருப்பதும் ஓட்டுநருக்குத் தெரியாமற் போகிறது.

இடத்துக்கும் ஓட்டத்துக்கும் ஏற்பத் தெரிதல்

உலர்ந்த தடத்தில், குறுகிய ஏற்ற இறக்கங்களில் ஓடும் குறுக்குநாட்டு ஓட்டத்துக்குப் பிசின் கட்டையே பொருத்தமானது. அங்குப் பிரேக் அடிக்கடி பிடிக்கப்பட்டு உடனே விடப்படுகிறது. ஒவ்வொரு முறையும் முதற்பிடி கூர்மையாக இருப்பதே அங்குத் தேவை. வெப்பம் திரள்வதற்கு வாய்ப்புக் குறைவு.

மழையும் சேறும் மிக்க இடங்களில் நிலைமை வேறு. இசுக்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் நகரை அடுத்த இறக்கப் பந்தயத் தடம் 555 மீட்டர் கீழே இறங்குவது. மழைக்கும் பெயர் பெற்றது. இத்தகைய இடங்களில் நீரோடு கலந்த கருங்கல் மணல், அரைக்கும் பசையைப் போன்று கட்டைக்கும் வட்டுக்கும் இடையே புகுந்துவிடுகிறது. இங்கே உலோகக் கட்டையின் ஓசையைப் பொறுத்துக்கொள்வதே அறிவுடைமை. தேய்ந்துபோன பிசின் கட்டை ஓசை எழுப்பாது என்பது உண்மைதான். ஆனால் நிறுத்தவும் செய்யாது.

நீண்ட இறக்கம் மூன்றாவது நிலை. பிரான்சு நாட்டின் ஆல்ப்சு மலையில் 1995 முதல் நடைபெறும் மெகாவலாஞ்சு என்னும் பந்தயம், 3330 மீட்டர் உயரத்திலுள்ள பிக் பிளாங்கு சிகரத்தில் பனிப்பாறை மீது தொடங்கி, 2500 மீட்டருக்கும் மேல் கீழே இறங்கி, ஆல்மோன் ஊரில் முடிகிறது. முன்னர்க் கண்ட ரீபேக் கணக்கைப் போல ஆறு மடங்குக்கும் மேலான ஆற்றல் ஒரே ஓட்டத்தில் வெளியாகிறது. இங்கு உலோகக் கட்டை, பெரிய வட்டு, குளிர்விப்புச் சிறகுகள், நான்கு பிஸ்டன் காலிப்பர் ஆகியன ஒன்றையொன்று துணைக்கொண்டே பயன் தரும். உலோகக் கட்டையை மட்டும் இட்டுச் சிறிய வட்டை அப்படியே விட்டால், வெப்பம் கட்டையைக் கடந்து நீர்மத்தை அடைகிறது.

ஓட்டுநரின் நிறையையும் கணக்கிற் கொள்ள வேண்டும். 60 கி.கி. நிறையுடையவருக்குப் போதுமான பிசின் கட்டை, 100 கி.கி. நிறையுடையவருக்கு அதே இறக்கத்தில் போதாமற் போகலாம். மின்மோட்டார் பொருத்திய மலை மிதிவண்டிகளுள் பல தாமே 20 கி.கி.க்கு மேல் நிறையுடையன. இவற்றில் உலோகக் கட்டையையே பலரும் விரும்புகின்றனர்.

முன்சக்கரத்துக்கு ஒரு வகையும் பின்சக்கரத்துக்கு மற்றொரு வகையும் இடுவதில் தவறில்லை. வேகம் குறையும்போது நிறை முன்னோக்கிச் சாய்வதால் முன் பிரேக்கே பெரும்பகுதி வேலையைச் செய்கிறது. பின் பிரேக்கோ இறக்கத்தில் நெடுநேரம் தொடர்ந்து பிடிக்கப்படுகிறது. சேறும் அங்கேயே மிகுதியாகத் தெறிக்கிறது. முன்னே கூர்மையான பிடிக்காகப் பிசின், பின்னே நீடித்த உழைப்புக்காக உலோகம் என்னும் அமைப்பு இதனால் தோன்றியது. ஆனால் ஒரே சக்கரத்தின் இரு கட்டைகளும் எப்போதும் ஒரே வகையாகவே இருத்தல் வேண்டும்.

பிடிமானம் குன்றுதல்

மிகுந்த வெப்பத்தால் பிரேக் வலுவிழப்பது இரு வேறு வழிகளில் நிகழ்கிறது. இவற்றைப் பிரித்தறிவது இன்றியமையாதது. ஏனெனில் ஒன்றற்கான தீர்வு மற்றொன்றுக்கு உதவாது.

முதல் வகையில் கட்டையின் பிசின் சூட்டில் சிதைந்து வளிமத்தை வெளியிடுகிறது. கட்டைக்கும் வட்டுக்கும் இடையிலான உராய்வு குறைகிறது. லீவர் கையில் உறுதியாகவே இருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் வண்டி வேகம் குறையாது. குளிர்ந்தபின் கட்டையின் முகம் கண்ணாடி போல் மெருகேறியிருப்பதைக் காணலாம். மெல்லிய மெருகை உப்புத்தாளால் தேய்த்து நீக்கலாம். ஆழமாகக் கருகியதை மாற்றவே வேண்டும். இத்தகைய நிலை அடிக்கடி ஏற்பட்டால் உலோகக் கட்டைக்கு மாறுவது தக்கது.

இரண்டாம் வகையில் காலிப்பரிலுள்ள நீர்மம் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகின்றன. நீர்மம் அழுந்தாது, ஆவி அழுந்தும். ஆகவே லீவர் மென்மையாகி, கைப்பிடிக் குழாய் வரை வந்து தொடும். கட்டை வட்டை அழுத்தாது. இங்கு உலோகக் கட்டைக்கு மாறுவது நிலைமையை மோசமாக்கவும் கூடும். நீர்மத்தை மாற்றுதலும் வட்டைப் பெரிதாக்குதலுமே தீர்வு. டாட் 5.1 தர நீர்மத்தின் கொதிநிலை புதிதில் குறைந்தது 260 பாகை செல்சியசு இருத்தல் வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. தரநிலை குறிக்கும் அளவு ஈரமேறியபின் தேவைப்படும் குறைந்த கொதிநிலை 180 பாகை மட்டுமே. ஷிமானோ, மகுரா பிரேக்குகளில் கனிம எண்ணெய் பயன்படுகிறது. ஒன்றுக்குரிய நீர்மத்தை மற்றொன்றில் ஊற்றினால் உள்ளிருக்கும் அடைப்பு வளையங்கள் கெட்டுவிடும்.

இரண்டிலும் உடனடியாகச் செய்யத்தக்கது நின்று குளிரவிடுதலே. நீரை ஊற்றிக் குளிர்வித்தால் சூடான வட்டு வளைந்துவிடக்கூடும். இறக்கம் முழுவதும் பிரேக்கை மெல்லப் பிடித்தவாறே வருவதைவிட, வேண்டிய இடத்தில் வலுவாகப் பிடித்துப் பின் முழுமையாக விடுவது நல்லது. விட்ட இடைவெளியில் வட்டு குளிர்கிறது.

புதிய கட்டையைப் பழக்குதல்

புதிய கட்டை இட்டவுடன் முழு வலிமையோடு பிடிக்காது. கட்டையின் பொருள் மெல்லிய படலமாக வட்டின் மீது சீராகப் படிந்த பின்னரே உராய்வு முழுமை பெறும். இதற்கெனச் சமதரையில் மிதமான வேகத்தில் ஓட்டி, நடைவேகம் வரும்வரை பிரேக்கை உறுதியாகப் பிடித்து விட வேண்டும். ஸ்ராம் நிறுவனம் இதனை 20 முறையும், பின்னர் இன்னும் கூடிய வேகத்தில் 10 முறையும் செய்யப் பரிந்துரைக்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளும்படியோ வண்டி முழுவதும் நிற்கும்படியோ பிடிக்கலாகாது; அவ்வாறு செய்தால் சூடான கட்டை ஓரிடத்தில் மட்டும் படிந்து, பின்னர் அதிர்வும் ஓசையும் உண்டாகும். முன், பின் சக்கரங்களைத் தனித்தனியே பழக்க வேண்டும்.

ஒரு வகைக் கட்டையிலிருந்து மற்றொரு வகைக்கு மாறும்போது, பழைய படலத்தை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்ககாலால் துடைத்த பின்னரே புதியதை இடவேண்டும். இது பலரும் விட்டுவிடும் படி. புதிய கட்டை தரமற்றது என்னும் முறையீடுகளுள் ஒரு பகுதி இதனாலேயே எழுகிறது எனலாம். மலை உச்சியில் கட்டையை மாற்றிவிட்டு உடனே இறங்குவது கேடானது.

எண்ணெயும் ஓசையும்

கட்டைக்கு எண்ணெயே முதற்பகை. சங்கிலிக்கு இடும் மசகு, தெளிப்பான்களிலிருந்து பறக்கும் துளி, காலிப்பரிலிருந்து கசியும் நீர்மம் ஆகியவற்றுள் எது பட்டாலும் கட்டையின் நுண்துளைகளில் ஊறிவிடும். அதன்பின் பிடிமானம் பெருமளவு குறைந்து, கூச்சலும் எழும். கிறீச்சிடும் கதவுக் கீலுக்கு எண்ணெய் விடும் பழக்கத்தால், கிறீச்சிடும் டிஸ்க் பிரேக்குக்கும் சிலர் எண்ணெய் விடுகின்றனர். ஓசை அடங்கும், பிரேக்கும் அடங்கிவிடும். அடுத்த இறக்கத்தில் இது விபத்தில் முடியக்கூடும்.

எண்ணெய் பட்ட வட்டை ஆல்ககாலால் துடைத்து மீட்கலாம். கட்டையை மீட்பது அரிது. அடுப்பில் சுட்டு எண்ணெயை எரிக்கும் முறை பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அது பிசினையும் சேர்த்துச் சிதைப்பதோடு கேடான புகையையும் எழுப்பும். புதிய கட்டையின் விலையை நோக்க இம்முயற்சி தகுதியற்றது. கசிவினால் எண்ணெய் பட்டதாயின், கசிவைச் சரிசெய்யாமல் புதிய கட்டை இடுவதும் வீணே.

எல்லா ஓசையும் எண்ணெயால் வருவதன்று. காலிப்பர் நேராக அமையாமை, திருகு தளர்தல், முழுமையாகப் பழக்காமை, ஈரம் ஆகியனவும் காரணங்களாகும். உலோகக் கட்டை ஈரத்தில் எழுப்பும் ஓசை அதன் இயல்பே; சில முறை பிடித்து வட்டு உலர்ந்தவுடன் அது நின்றுவிடும்.

தேய்மானமும் மாற்றுதலும்

உராய்வுப் பொருள் 0.5 மி.மீ. எஞ்சியிருக்கும்போது கட்டையை மாற்றவேண்டும் என்பது ஷிமானோவின் அறிவுறுத்தல். ஸ்ராம் நிறுவனம் பின்தகடும் உராய்வுப் பொருளும் சேர்ந்த மொத்தத் தடிப்பு 3 மி.மீ.க்குக் குறைந்தால் மாற்றச் சொல்கிறது. இவ்விரண்டு அளவுகளையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளலாகாது. நீண்ட பயணத்துக்கு முன் இவ்வரம்பை நெருங்கிய கட்டையை முன்னதாகவே மாற்றிவிடுவது நல்லது; ஈரத்தில் எஞ்சிய பகுதி எதிர்பார்த்ததைவிட விரைவாகக் கரையும்.

உராய்வுப் பொருள் முற்றிலும் தேய்ந்தால் பின்தகடே வட்டில் உரசும். அரைக்கும் ஓசையால் இதனை அறியலாம். அந்நிலையில் வட்டும் கெடும். பிஸ்டன் தன் எல்லையைக் கடந்து வெளிவந்து நீர்மம் கசியவும் வாய்ப்புண்டு.

மாற்றும்போது சக்கரத்தைக் கழற்றி, பழைய கட்டை உள்ளிருக்கும்போதே பிஸ்டன்களை நெகிழி நெம்பியால் மெல்லப் பின்தள்ள வேண்டும். உலோகக் கருவியால் தள்ளினால் பீங்கான் பிஸ்டன்கள் விரிசல் விடக்கூடும். பின்னர்க் காப்பு ஊசியையும் தாங்கு திருகையும் நீக்கிக் கட்டைகளை எடுத்து, இடையிலுள்ள வில்தகட்டோடு சேர்த்துப் புதியவற்றைப் பொருத்த வேண்டும். சக்கரம் இல்லாதபோது லீவரை அழுத்தினால் பிஸ்டன்கள் ஒன்றையொன்று நெருங்கிவிடும். வட்டு மீண்டும் நுழையாது. வண்டியை வேறிடத்துக்கு எடுத்துச் செல்கையில் கட்டைகளின் நடுவே நெகிழித் துண்டு ஒன்றைச் செருகிவைப்பது இதனைத் தவிர்ப்பதற்கே. காலிப்பரில் படிந்த தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.